சொந்தமாக ஒரு சின்ன விமானம்: நம்ம கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேத் பட்டறைக்காரர்கள், தோட்டத்துக்காரர்கள், பாலிடெக்னிக் முடித்த பசங்க, ரிட்டயர்டு ஆன மில் ஃபிட்டர்கள் என்று எல்லோரும் இதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து போகிற, பெட்ரோலில் ஓடுகிற சின்ன விமானத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. டிரோன், பாராமோட்டார், ரிமோட் மாடல் எல்லாம் வேறு கதை.

ஏனுங்க, வீட்டில் விமானம் செய்வதெல்லாம் நடக்கிற காரியமுங்களா?

தாராளமாக நடக்கிறது. அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி என்பவர் 1953ல் இதற்கென்றே இஏஏ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். இன்றைக்கும் வருஷா வருஷம் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் நடத்தும் விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. வேன்ஸ் என்ற ஒரே கம்பெனியின் ஆர்வி கிட்டை, அதாவது பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் விமானத்தை வாங்கி, தாங்களே பூட்டிப் பறக்கவிட்டவை மட்டும் 11,000க்கு மேல். நம் நாட்டில் அமோல் யாதவ் என்ற விமானி மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்தே ஆறு சீட் விமானம் செய்தார். இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸ், காது கேளாத, வாய் பேச முடியாத மனிதர், மைக்ரோலைட் என்கிற மிக லேசான விமானம் ஒன்று செய்து பறக்க வைத்தார். கேரளத்திலிருந்து இங்கிலாந்து போன அசோக் தாமராட்சன் கொரோனா ஊரடங்கில் ஸ்லிங் என்ற தென்னாப்பிரிக்கக் கிட்டை வாங்கி நாலு சீட் விமானம் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார், செலவு சுமார் 1,40,000 பவுண்டு.

அந்தத் திறமை நம்ம ஊரில் இருக்குதுங்களா?

கைவேலையைப் பொறுத்தவரை இருக்கிறது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செய்த ஊர் நம் கோவை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கப் பீளமேட்டில்தான் பெரிய யார்டு வைத்திருந்தது, அதற்கு எச்எம்எஸ் கருடா என்று பெயர். இன்றைக்குச் சூலூரில் தேஜஸ் போர் விமானம் நிற்கிறது. தகடு வளைக்க, துளை போட, கடைசல் பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். டிராயிங்கே இல்லாமல் சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்து அச்சு அசலாகச் செய்து கொடுப்பதுதான் நம் பட்டறைகளின் பெருமை, கூடவே "இந்த இடம் கொஞ்சம் வீக்கா இருக்குதுங்க, நான் ஒரு சைஸ் கூடப் போட்டுட்டேன்" என்று ஒரு நல்ல மனசு வேறு. பம்ப் செட்டுக்கு அது சரி. விமானத்தில் அந்தக் கூடுதல் சைஸ் எடையாகப் போய் உட்காரும், அதைவிட மோசம், ஒரு இடத்தைக் கெட்டியாக்கினால் அதுவரை பரவலாகப் போய்க்கொண்டிருந்த விசை அந்தக் கெட்டியான இடத்தின் ஓரத்தில் குவிந்து அங்கே வெடிப்பு விழும். டிராயிங்கில் 0.6 மில்லி தகடு என்றால் 0.6 தான். கீழே நான் எழுதியிருப்பதில் பாதி, ஏதோ ஒரு வகையில், இதையேதான் சொல்கிறது.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். முதலில் காகிதம்.

இந்தியாவில் பதிவு செய்யாத விமானத்தைப் பறக்கவிடக் கூடாது, அது உங்கள் சொந்தத் தோட்டத்துக்கு மேலே பத்தடி உயரமாக இருந்தாலும் சரி. பழைய 1934ம் வருடத்துச் சட்டம் போய் இப்போது பாரதிய வாயுயான் அதிநியம் 2024 வந்திருக்கிறது. பதிவு, பறப்பு அனுமதி எல்லாம் டிஜிசிஏ என்கிற மத்திய அரசின் விமானத் துறை அலுவலகத்தின் கையில். பதிவு கிடைத்தால் விடி என்று தொடங்கும் எழுத்துகள் உங்கள் விமானத்துக்கு வரும். அமோல் யாதவின் விமானம் 2016ல் மும்பையில் மேக் இன் இந்தியா கண்காட்சியில் நின்றது, 2017ல் பதிவானது, பறக்க அனுமதி 2019ல்தான் கிடைத்தது. செய்து முடித்த பிறகும் இவ்வளவு காத்திருப்பு என்றால், செய்து முடித்துவிட்டு "இனி யாரிடம் கேட்பது" என்று நிற்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் மாடலைத் தேர்ந்தெடுத்ததுமே டிஜிசிஏவின் சென்னை அலுவலகத்துக்கு எழுதி, எந்தப் பிரிவில் வரும், எந்தெந்தக் கட்டத்தில் ஆய்வு செய்ய வருவார்கள், என்ன பதிவேடு வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மைக்ரோலைட் என்றால் இரண்டு பேருக்கு மேல் இல்லை, மொத்த எடை 450 கிலோவுக்குள், ஸ்டால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் என்பது கணக்கு. ஸ்டால் என்றால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும் நிலை, அதற்குக் கீழே வேகம் போனால் விமானம் பறக்காது.

கட்டும்போது தினமும் ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, பயன்படுத்திய பொருளின் பில் நம்பர் எழுதுங்கள், மூடி ரிவெட் அடித்துவிட்டால் பிறகு தெரியாத இடங்களை மூடும் முன்பே போட்டோ எடுங்கள். அமெரிக்காவில் வேலையில் பாதிக்கு மேல், அவர்கள் கணக்கில் 51 சதவீதம், கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்று விதி. அங்கேயும் இந்த நோட்டும் போட்டோவும்தான் சாட்சி.

கிட் வாங்குவதா, டிராயிங் மட்டும் வாங்குவதா, நாமே டிசைன் பண்ணுவதா?

மூன்றாவதை மறந்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், டிசைன் என்பது உருவம் வரைவது இல்லை. இறக்கை எந்த வேகத்தில் படபடக்க ஆரம்பிக்கும், வால் எவ்வளவு பெரிதாக இருந்தால் சுழன்றுகொண்டே விழ ஆரம்பித்த விமானம் மீளும் என்பதெல்லாம் கணக்கும் சோதனையும் சேர்ந்த வேலை, அதைப் பல வருடம் செய்து தேறிய டிசைன்கள் விலைக்கே கிடைக்கும்போது உங்கள் உயிரை வைத்துப் பரிசோதிக்கத் தேவையில்லை.

டிராயிங் மட்டும் வாங்கினால் செலவு குறைவு, காலம் அதிகம். இன்றைய நல்ல கிட்டுகளில் துளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் மெஷினில் போட்டே வருகின்றன, இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் துளைக்குத் துளை நேராக நிற்கும், அதனால் பாடி கோணலாகும் பயம் பெரும்பாலும் இல்லை. முதல் தடவைக்கு நான் கிட்டைத்தான் சொல்வேன். கிறிஸ் ஹைன்ஸ் வடிவமைத்த ஸெனித் சிஎச் 750, வேன்ஸ் ஆர்வி-12 இரண்டும் பாப் ரிவெட்டில், அதாவது ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்துப் பூட்டும் ஆணியில் கட்டுபவை, புதியவர்களுக்குத் தோது.

அலுமினியமா, மரமா, ஃபைபரா? சோமனூர்த் துணி போர்த்த முடியுமா?

மூன்றிலும் நல்ல விமானங்கள் உண்டு. நம் ஊருக்கு அலுமினியம். காரணம், தப்பு செய்தால் கண்ணுக்குத் தெரியும், அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஃபைபரில் பர்ட் ருட்டான் 1970களில் தெர்மோகோல் மாதிரி நுரைக்கட்டையைச் செதுக்கி மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பிசினும் பூசும் முறையைப் பிரபலமாக்கினார், அழகான விமானங்கள். ஆனால் எபாக்ஸி சூட்டில் இளகும், அதனால்தான் அவை கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கின்றன. ஈரோடு, கரூர் வெயிலில் சித்திரை மாதம் அடர்நீல இறக்கையை வெளியே நிறுத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

துணி விஷயம். இரும்புக் குழாய் அல்லது மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்துவது பழைய, நல்ல முறை. இப்போது பயன்படுத்துவது பாலியஸ்டர் நெசவுத் துணி, ஒட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியை 120 டிகிரி, பிறகு 177 டிகிரி செல்சியஸ் என்று அளந்து வைத்துத் தேய்த்தால் சுருங்கி முரசுத் தோலாக விறைத்துக்கொள்ளும். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியஸ்டரை நசிக்கும் என்பதால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு கட்டாயம். சோமனூர்த் தறியில் இதே நூல் எண்ணிக்கையில் நெய்துவிட முடியாதா என்றால், நெய்யலாம். எவ்வளவு சூட்டில் எவ்வளவு சுருங்கும், இரண்டு வருட வெயிலுக்குப் பிறகு எவ்வளவு இழுவை தாங்கும் என்று சோதித்துச் சான்று கொடுக்க ஆள் வேண்டும், அதுதான் விலை. விமானத் துணியையே வாங்குங்கள்.

கரூர் பஸ் பாடியில் நாங்கள் அடிக்காத ரிவெட்டா? அதே ரிவெட் போதாதுங்களா?

கை பழக்கம் போதும், ரிவெட் போதாது. கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டின் ஊசி உடைந்து உள்ளே லூஸாக நிற்கும், அல்லது விழுந்துவிடும், அந்தத் துளையில் தண்ணீர் இறங்கும். அது என்ன அலாயில் (உலோகக் கலவையில்) செய்தது என்பதும் பெட்டியில் எழுதியிருக்காது. டிசைனர் சொன்ன ரிவெட், சொன்ன அலாய், சொன்ன சைஸ்.

அடித்துப் பரப்பும் திட ரிவெட் என்றால் ஏஎன்470 ஏடி வகை, தலையில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதுதான் அலாய்க்கு அடையாளம். அடித்த பிறகு பின்பக்கம் உருவாகும் தலையின் அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3.2 மில்லி ரிவெட் என்றால் 4.8 அகலம், 1.6 உயரம். இதற்கு ஒரு கேஜ் தகடு வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க வேண்டும். தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டும், நெருங்கினால் ஓரம் கிழியும். துளை போட்டதும் இரண்டு பக்கமும் பிசிறு எடுங்கள், ஏனென்றால் பிசிறில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். அடிப்பதற்கு முன் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க க்ளிகோ என்று ஒரு தற்காலிகப் பூட்டு உண்டு, நூற்றுக்கணக்கில் வேண்டும், கிட்டோடு சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

ரிவெட் கோணலாகப் போனால் டிரில் செய்து எடுத்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் வேலை இங்கே வேண்டாம்.

தகடு, போல்ட் எல்லாம் உள்ளூரில் வாங்கலாமா?

ஹார்டுவேர்க் கடை அலுமினியத் தகடு பெரும்பாலும் மென்மையான ரகம், வளைத்தால் வளையும். ஸெனித்தில் வருவது 6061 டி6, ஆர்வி வகையில் 2024 டி3. கடைத் தகட்டின் தாங்கும் திறன் இவற்றில் பாதிகூட வராது, பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். மில் டெஸ்ட் சான்றிதழ் இல்லாத தகடு வேண்டவே வேண்டாம்.

போல்ட்டிலும் இதே கதை. விமானத்துக்கென்றே வரும் ஏஎன் ரக போல்ட்டின் தலையில் நட்சத்திரம் போல ஒரு குறி இருக்கும். கம்பிப் பூட்டு, காட்டர் பின் எங்கே சொல்லியிருக்கிறதோ அங்கே போடுங்கள். சுழலும் இணைப்பில் நைலாக் நட்டை மட்டும் நம்பாதீர்கள். டார்க் ரென்ச்சில் முறுக்கியதும் நட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்தால், பிறகு அது நகர்ந்திருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

எங்கே வைத்துக் கட்டுவது? பழைய கோழி செட் சும்மா கிடக்கிறது.

அருமையான இடம். நீளம் தாராளம், மேலே கூரை, பக்கத்தில் வலை. ஆனால் கோழி எச்சத்திலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், எலெக்ட்ரிக் டெர்மினல் எல்லாம் பச்சை பிடிக்கும். அதனால் தரையைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பக்கவாட்டை ஷீட் போட்டு அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் வாசலை அளங்கள். சிஎச் 750ன் பாடி நீளம் ஏழு மீட்டர்கூட இல்லை, இறக்கைகள் தனித்தனியாகக் கழலும். சுவரை இடித்துத்தான் விமானத்தை வெளியே எடுத்தேன் என்ற கதை உலகம் முழுக்க உண்டு.

புல்லட் என்ஜின், மாருதி என்ஜின் போடலாமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. புல்லட் 350 தருவது சுமார் 20 குதிரைத்திறன், இரண்டு பேரைத் தூக்க அது காணாது. கார் என்ஜினை வைத்துப் பறப்பவர்கள் உண்டு: பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜின், சுபாரு, சுசுகியின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின் எல்லாம் அமெரிக்காவில் பறந்திருக்கின்றன. கஷ்டம் எங்கே என்றால், கார் என்ஜின் ரோட்டில் போகும்போது தன் சக்தியில் கொஞ்சத்தைத்தான் கொடுக்கிறது, விமானத்தில் ஏறும்போது முழுச் சக்தி, மேலே போன பிறகும் முக்கால்வாசிச் சக்தி மணிக்கணக்கில். கூலிங் தாங்குமா, கிராங்க் தாங்குமா என்பது ஒரு கேள்வி. கியர் பெட்டியில் வரும் முறுக்கு அதிர்வு இன்னொரு கேள்வி, பலரும் விழுந்தது அங்கேதான்.

கியர் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வகை விமானங்களில் அதிகம் பார்க்கும் ரோடாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ஜின் 5,800 சுற்றில் 100 குதிரைத்திறன் தரும். 1.7 மீட்டர் ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் நேராகச் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 516 மீட்டர் போகும், ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும், சத்தம்தான் வருமே தவிர இழுவை வராது. 2.43க்கு 1 கியர் போட்டால் ப்ரொப்பெல்லர் 2,390 சுற்றுப் பக்கம் வரும், நுனி வேகம் 212 மீட்டர். இந்தக் கியரை நம் ஊர் கியர் கட்டிங் பட்டறையில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், போட்டு, ஸ்டாண்டில் கட்டி, முழுச் சக்தியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை தரையிலேயே இருக்கட்டும்.

பங்க் பெட்ரோல் போதுமா?

இங்கே கவனம். ரோடாக்ஸ் 912 பெட்ரோலில் ஓடும், ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் கம்பெனி சம்மதிக்கிறது. இப்போது பங்கில் சாதாரணமாக வருவது 20 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உயரத்தில் குளிரும்போது தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கலாம். சில ரப்பர் ஹோஸ், சில ஃபைபர் டாங்க் அதில் ஊறி இளகும்.

சோதிப்பது சுலபம்: அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல், குலுக்கி நிற்க விடுங்கள். கீழே தண்ணீர்க் கோடு பத்திலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறினால் அது 20 சதவீதப் பெட்ரோல். விமானப் பெட்ரோலான ஆவ்காஸ் 100எல்எல் போடலாம், அதில் ஈயம் இருப்பதால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

பெட்ரோல் லைன் முடிந்ததும் ஓட்டச் சோதனை கட்டாயம். தானாக இறங்கும் டாங்க் என்றால் என்ஜின் முழுச் சக்தியில் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். 912 யுஎல்எஸ் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும், அப்படியானால் 40 லிட்டர், அதாவது ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் கேன் நிறைய வேண்டும். மூக்கைத் தூக்கி, ஏறும்போது இருக்கும் சாய்வில் வைத்துப் பாருங்கள். சமதளத்தில் பார்த்தால் பிரயோஜனம் இல்லை.

உள்ளே என்னென்ன மீட்டர் வைக்க வேண்டும்?

வேகம், உயரம், திசைகாட்டி, சறுக்கல் பந்து, என்ஜின் மீட்டர்கள். அவ்வளவுதான் அடிப்படை. டைனான், கார்மின் கம்பெனிகளின் எலெக்ட்ரானிக் திரை வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் பகலில் ஊரைச் சுற்றி வருவதற்குத் தேவைக்கு மேல். அந்தப் பணத்தில் பயிற்சி எடுங்கள் என்பேன். ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் உண்டு.

ஒயர் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். வீட்டு ஒயரின் பிவிசி எரிந்தால் வரும் புகையைச் சின்ன கேபினில் தாங்க முடியாது, டெஃப்ஸெல் உறை போட்ட விமான ஒயர்தான். வேக மீட்டருக்குக் காற்று கொண்டுபோகும் பிடோட் குழாயில் நம் பக்கம் குளவி மண் அடைத்துவிடும். நிறுத்தியதும் சிவப்பு ரிப்பன் தொங்கும் உறை மாட்டுங்கள்.

எடை சரியாக 450க்குள் வந்தால் போதும்தானே?

போதாது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு.

மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று எலெக்ட்ரானிக் தராசு வையுங்கள், விமானம் மட்டமாக நிற்கட்டும். தூரத்தை இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அளக்கிறோம். முன் சக்கரம் 60 கிலோ, அது ஓரத்துக்கு 600 மில்லி முன்னால். பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து 230 கிலோ, 700 மில்லி பின்னால். 230ஐ 700ஆல் பெருக்கி, 60 பெருக்கல் 600ஐக் கழித்தால் 1,25,000. மொத்த எடை 290ஆல் வகுத்தால் 431 மில்லி, அங்கேதான் ஈர்ப்பு மையம். 80 கிலோ ஆள் 600 மில்லியில் உட்கார்ந்தால் 1,73,000 வகுத்தல் 370, மையம் 468க்கு நகரும். முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை இறக்கையின் அகலம் 1,400 மில்லி, டிசைனர் அதில் 35 சதவீதம், அதாவது 490 வரைதான் அனுமதிக்கிறார் என்று வையுங்கள், இதுவரை சரி. இப்போது பின்னால் 1,300 மில்லியில் 15 கிலோவுக்கு ஒரு மூட்டை தேங்காய் போடுங்கள். 1,92,500 வகுத்தல் 385, மிகச் சரியாக 500. எல்லை தாண்டிவிட்டது. எடையோ 450ஐவிட 65 கிலோ குறைவு!

வால் பக்கம் கனம் கூடிய விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், ஸ்டால் ஆனால் மூக்கு இறங்காது, இறங்காவிட்டால் மீட்க முடியாது. பெயின்ட் அடித்த பிறகு இன்னொரு தடவை எடை போடுங்கள், பெயின்ட்டுக்கும் கிலோக் கணக்கில் எடை உண்டு.

மொத்தம் எவ்வளவு ஆகுமுங்க?

என்ஜின் மட்டுமே ஒரு நல்ல கார் விலை. கிட், கப்பல் வாடகை, சுங்கம், மீட்டர், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் தோட்டத்தில் ஒரு வீடு கட்டலாம். நேரம், வேகமான கிட்டுகளுக்குச் சில நூறு மணி, திட ரிவெட் அடிக்கும் கிட்டுகளுக்கு ஆயிரத்துக்கு மேல். வீட்டம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் தெரியவந்தால் டிஜிசிஏவைவிடக் கஷ்டம்.

தோட்டத்திலேயே ஓடுபாதை போட்டுக்கொள்ளலாமா? தென்னந்தோப்பை ஒட்டி நீளமான காடு இருக்கிறது.

அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், பல துறைகளைத் தாண்ட வேண்டும். கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 500 அடி ஏறும் விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 11 மீட்டர் முன்னால் போனால்தான் ஒரு மீட்டர் ஏறும். தோப்பில் மரம் 20 மீட்டர் என்றால் தரையை விட்ட பிறகு 220 மீட்டர் வேண்டும், அதுவும் மரத்தின் உச்சி மட்டையை உரசும் உயரத்தில். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு இல்லாத நீளம் எங்கே இருக்கிறது? தாராபுரம், காங்கேயம் பக்கம் மேட்டாங்காடு கிடைக்கும், ஆனால் அங்கே காற்றாலையும் ஹை டென்ஷன் லைனும் குறுக்கே. லைன் கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, தூண்களைப் பார்த்துத்தான் கம்பி இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

ஆடிக் காற்றில் பறக்கலாமா?

அம்மியே பறக்கும் என்பார்கள், உங்கள் விமானம் அதைவிட லேசு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் காற்றுக்குத்தான் உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை. கோவை விமான நிலையத்து ஓடுபாதைகூட அந்தக் காற்றுக்கு நேராக, தென்மேற்கு வடகிழக்காகத்தான் கிடக்கிறது. குறுக்குக் காற்று உங்கள் புத்தகத்தில் உள்ள எல்லையைத் தாண்டினால் அன்றைக்குப் பெயின்ட் வேலை பாருங்கள். நிறுத்தியிருக்கும்போதும் மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

காற்றைவிட ஏமாற்றுவது வெயில். கோவை கடல் மட்டத்திலிருந்து 1,300 அடிப் பக்கம். 38 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, விமானம் 4,400 அடி உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இறக்கை, ப்ரொப்பெல்லர், என்ஜின் மூன்றும் ஒரே நேரத்தில் சோர்வடையும். கம்பெனி புத்தகத்தில் எழும்பும் தூரம் 200 மீட்டர் என்றால் சித்திரை மத்தியானம் அதை நம்பாதீர்கள். மார்கழி, தை மாதக் காலை நேரம்தான் நம் பக்கத்துக்குத் தங்கமான நேரம்.

சூலூர்ப் பக்கம் போனால் தேஜஸ் வந்து பிடித்துக்கொள்ளுமா?

தேஜஸ் வராது, போலீஸ் வரும். சூலூர் ராணுவ வான்வெளி, கோவை விமான நிலையத்துக்குத் தனியாகக் கட்டுப்பாட்டு எல்லை. பறப்புத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கித்தான் கிளம்ப வேண்டும்.

ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா?

கட்டியவர் என்பதற்காக யாரும் தர மாட்டார்கள். மருத்துவச் சோதனை, பரீட்சை, பயிற்சி மணி நேரம் எல்லாம் உண்டு. கட்டும்போதே பக்கத்தில் பயிற்சியையும் ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் தடவை யார் ஓட்டுவது?

கட்டியவர்தான் ஓட்ட வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அந்த மாடலில் பழகிய, சமீபத்தில் பறந்துகொண்டிருக்கும் விமானி ஓட்டட்டும். இரண்டு வருடம் பட்டறையிலேயே கிடந்தவரின் கையில் பறப்புப் பழக்கம் துரு ஏறியிருக்கும். அமெரிக்க விபத்து ஆய்வு வாரியம் என்டிஎஸ்பி 2012ல் வெளியிட்ட ஆய்வில் வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துக்கு முக்கியக் காரணமாகச் சொன்னவை இரண்டு: என்ஜின் நிற்பது, விமானம் கட்டுப்பாட்டை மீறுவது. என்ஜின் நிற்பதற்குப் பெட்ரோல் லைன் சோதனையும், கட்டுப்பாட்டுக்குப் பயிற்சியும்தான் மருந்து. அங்கே முதல் 40 மணி நேரம் வரை, சான்றிதழ் பெற்ற என்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் 25 மணி நேரம் வரை, குறிப்பிட்ட பகுதிக்குள்தான் பறக்கலாம், வேடிக்கைக்கு யாரையும் ஏற்றக் கூடாது. இங்கே எவ்வளவு சொன்னாலும் நீங்கள் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மாமன் மச்சான் எல்லோரும் வந்து "ஒரு ரவுண்டு" என்பார்கள். சம்மதிக்காதீர்கள்.

பூஜை போடலாமுங்களா?

போடாமல் விடுவார்களா! சந்தனம், குங்குமம் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், பிடோட் குழாயின் வாயிலும் பாடியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன அழுத்தத் துளையிலும் மட்டும் வைக்காதீர்கள், உயர மீட்டர் பொய் சொல்லும். மாலையைப் ப்ரொப்பெல்லரில் போட்டால் ஸ்டார்ட் பண்ணும் முன் கழற்றுங்கள். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் சரி. பூசணிக்காயை மட்டும் ஓடுபாதையில் உடைக்காதீர்கள், உள்ளே போடும் காசு ஒன்று கிடந்தாலும் ப்ரொப்பெல்லர் அதை இழுத்துத் தன் மேலேயே அடித்துக்கொள்ளும். உடைத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால் செட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப் போங்கள்.